களவு போன மோட்டார் சைக்கிளும் வீட்டில் இருக்க வேண்டிய கடதாசியும்

இன்று நமது தோட்டங்களில் ஒரு மோட்டார் சைக்கிளாவது நிற்காத லயம் இல்லை என்றே சொல்லலாம். முன்பெல்லாம் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் அது சின்னத்துரையுடையது அல்லது கண்டாக்கு ஐயாவுடையது. அந்தச் சத்தம் கேட்டாலே மலையில் கொழுந்து எடுப்பவர்களின் கை வேகமாகும். இப்போது அதே சத்தம் நம் பிள்ளைகளின் சத்தமாகிவிட்டது. டவுனில் கடை வேலைக்குப் போகவும், பிள்ளையை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடவும், ராத்திரியில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் மருந்து வாங்கி வரவும் அந்த வண்டிதான். எத்தனையோ பேர் போட்டு, சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து வாங்கிய பொருள் அது.

இந்தப் பொருளின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தங்கம் மாதிரி விலை வந்தது. விலை ஏறினால் கள்ளனுக்கும் ஆசை ஏறும். முழு வண்டியாக விற்க முடியாவிட்டாலும் கழற்றி விற்கலாம். இன்னும் சில வண்டிகள் தங்கச் சங்கிலி அறுப்பதற்காகவே களவு எடுக்கப்படுகின்றன. அந்த வேலை முடிந்ததும் வண்டியை எங்காவது காட்டு ஓரத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லியே இந்த விஷயத்தை விளக்கலாம் என்று நினைக்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

2023 இல் ஒரு தேர்த் திருவிழா. எங்கள் பணிய லயத்துத் தம்பி ஒருவர் டவுனில் ரோட்டோரமாக மற்ற வண்டிகளோடு தன் வண்டியையும் நிறுத்திவிட்டுச் சாமி பார்க்கப் போனார். ஹேண்டல் லொக் போட்டிருந்தார். பத்து மணிக்குத் திரும்பி வந்தால் வண்டி இல்லை. அது அவருடைய அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்திலும், அம்மாவின் தோட்டை அடகு வைத்த பணத்திலுமாக, மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பழைய வண்டி. அன்றிரவே கூட்டாளிமாரைச் சேர்த்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினார். மறுநாளும் தேடினார். பொலிஸுக்கு மட்டும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவருடைய அம்மா பிரட்டுக்குப் போகாமல் மகனையும் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, இவன் சாப்பிடவும் இல்ல, தூங்கவும் இல்ல. பொலிஸுக்குப் போடான்னா போக மாட்டேங்கிறான். என்னான்னு கேளுங்க."

"ஏன் தம்பி போகல?"

"வருமான லைசன் முடிஞ்சி ரெண்டு மாசம் ஆச்சு ஐயா. போனா நம்மளத்தான் புடிச்சி எழுதுவாங்க."

"சரி, வண்டி புத்தகம் எங்க?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். "வண்டியிலதான் ஐயா. சீட்டுக்குக் கீழ. ஓபன் பேப்பரும் அதுலதான்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. இதில் மூன்று பிழை இருக்கிறது. ஒவ்வொன்றையும் நம்மில் பலர் இன்றைக்கும் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

முதலாவது, பொலிஸுக்குப் போகப் பயந்தது. வருமான அனுமதிப்பத்திரம் முடிந்திருப்பது ஒரு குற்றம்தான். அதற்குத் தண்டப்பணம் கட்ட வேண்டி வரலாம். ஆனால் வண்டியைப் பறிகொடுத்தவர் முறைப்பாடு செய்வதற்கு அது தடையே இல்லை. முறைப்பாடு செய்யாமல் இருந்தால் வரும் ஆபத்தைப் பாருங்கள். அந்த வண்டியில் போய் ஒருவன் சங்கிலி அறுத்தால், கண்டவர்கள் சொல்வது வண்டி நம்பரைத்தான். பொலிஸ் அந்த நம்பரை வைத்துத்தான் வரும். "என் வண்டி அதற்கு முதலே களவு போய்விட்டது" என்று வாயால் சொன்னால் போதாது. அதைக் காட்டுவது பொலிஸ் புத்தகத்தில் உள்ள திகதியும் நேரமும்தான். ஆகவே தேடுவதென்றால் அரை மணி நேரம் தேடுங்கள். பிறகு நேரே அருகில் உள்ள பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். போகும் வழியிலேயே 119 க்கு அழைத்துச் சொல்லலாம். ரோட்டில் சோதனைச் சாவடி இருந்தால் அந்த நேரத்தில்தான் பிரயோசனம்.

முறைப்பாட்டை நம் வழக்கில் "என்றி போடுவது" என்கிறோம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, நீங்கள் வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தமிழ் எழுதக்கூடிய உத்தியோகத்தர் அந்த நேரத்தில் இல்லாவிட்டால் நீங்களே எழுதிக் கொடுக்கும்படி கேட்பார்கள். எழுதத் தெரியாது என்றால் வேறு மொழியில் எழுதி, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். எனவே விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். "சேர், எழுதினத கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை. வெளியே வரும் முன் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதன் பிரதியையும் கேட்டு எடுத்து வையுங்கள். காப்புறுதிக்கும், லீசிங் கம்பனிக்கும், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அது தேவைப்படும். திணைக்களத்துக்கு அந்தப் பிரதியை வைத்து ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. கள்ளன் வேறு பெயருக்கு மாற்றப் பார்த்தால் அங்கே கண்ணில் படும்.

எங்கள் தம்பியை அழைத்துக்கொண்டு நான் பொலிஸுக்குப் போனேன். வண்டி நம்பரைக் கேட்டார்கள். சொன்னார். செசி நம்பர் கேட்டார்கள். தெரியாது. பிறகு காப்புறுதி அலுவலகத்தில் போய் அவர்களுடைய பதிவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தம்பி சொன்ன வண்டி நம்பரிலும் கடைசி இரண்டு இலக்கங்கள் முன்பின்னாக மாறியிருந்தன. பாவம், பதற்றம். மறுபடி போய்த் திருத்தி, செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் எழுதிக் கொடுத்தோம்.

அந்தச் செசி நம்பர்தான் பின்னால் வண்டியைக் காட்டிக் கொடுத்தது. நம்பர் தகட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். செசி நம்பர் இரும்பிலேயே அடிக்கப்பட்டது. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டல் திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும். துணியால் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். இந்தியாவில் செய்த இப்போதைய வண்டிகளில் அது எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 17 வரும். எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். இந்த 17 இல் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒருபோதும் வராது. ஆகவே வட்டமாக ஒன்றைக் கண்டால் அது பூச்சியம்தான், சந்தேகமே வேண்டாம். ஒரு மெல்லிய கடதாசியை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே பதியும். சின்ன வயதில் காசை வைத்துத் தேய்த்து விளையாடினோமே, அதே வேலைதான். அந்தக் கடதாசியை வண்டிப் புத்தகத்தின் பிரதியோடு வீட்டில் வைத்துவிடுங்கள்.

கள்ளர்கள் செசி நம்பரையும் ராவிவிட்டு வேறு நம்பர் அடிப்பதுண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் அனுப்பிப் பார்ப்பார்கள். நம்பர் அடிக்கும்போது அந்த இடத்து இரும்பு உள்ளேயும் அமுங்கி இறுகிவிடுகிறது. மேலே ராவினாலும் அடியில் அந்த இறுக்கம் மிச்சமிருக்கும். அமிலம் பூசும்போது இறுகிய இடமும் இறுகாத இடமும் வேறு வேறு விதமாக அரிக்கப்பட்டு, பழைய நம்பர் நிழல் மாதிரித் தெரியும். ஆழமாக ராவியிருந்தால் தெரியாமலும் போகலாம். அதனால்தான் வேறு அடையாளங்களும் சொல்லத் தெரிய வேண்டும் என்கிறேன். எந்தப் பக்கக் கார்ட் வளைந்தது, எங்கே வெல்டிங் வைத்தது, சீட் கவரில் எங்கே தையல் என்பவை. நம் பையன்மாருக்கு இவை மனப்பாடம். முறைப்பாட்டில் மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இனி இரண்டாவது பிழையும் மூன்றாவது பிழையும். இவை இரண்டும் சேர்ந்துதான் அந்தக் குடும்பத்தைப் படாத பாடு படுத்தின.

ஆறு வாரம் கழித்து வண்டி கிடைத்தது. வேறொரு டவுனில் ஒரு கராஜில் நின்றது. நம்பர் தகடு வேறு. செசி நம்பர் அதேதான். அம்மா அன்றைக்கே கோயிலுக்குத் தேங்காய் உடைத்தார். ஆனால் பொலிஸ் நிலையத்துக்குப் போனால், அங்கே இன்னொருவர் நிற்கிறார். "இது நான் காசு குடுத்து வாங்குன வண்டி" என்கிறார். அவர் கையில் அசல் வண்டிப் புத்தகமும், பழைய சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றப் படிவமும் இருந்தன. நம் தம்பி சீட்டுக்குக் கீழே வைத்திருந்த அதே கடதாசிகள்தான். கள்ளன் வண்டியோடு அவற்றையும் சேர்த்து விற்றிருக்கிறான். வாங்கியவரும் ஒரு தோட்டத்துப் பிள்ளைதான். சின்னக் குழந்தை இருக்கிறது. கள்ளனைப் போல அவர் முகம் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவும் மனக்கஷ்டமாக இருந்தது.

ஓபன் பேப்பர் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். விற்பவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குபவர் தன் பெயருக்கு மாற்றாமலே ஓட்டுவார். பிறகு அப்படியே அடுத்தவருக்கு விற்பார். மாற்றும் செலவு மிச்சம் என்று நினைக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டப்படி கைமாறினால் 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்பவருக்கு எம்.டி.ஏ. 6, வாங்குபவருக்கு எம்.டி.ஏ. 8 என்று படிவங்கள் இருக்கின்றன. அதைச் செய்யாவிட்டால் திணைக்களப் புத்தகத்தில் வண்டி இன்னும் பழையவருடையதுதான். இந்த வண்டியில் பதிவுபெற்ற சொந்தக்காரர் 2019 இலேயே விற்றுவிட்டவர். அவரிடமிருந்து இரண்டு கை மாறித்தான் நம் தம்பிக்கு வந்தது.

பொலிஸார் களவுப் பொருளைக் கைப்பற்றினால் அதைத் தாங்களாகவே யாரிடமும் தூக்கிக் கொடுக்க முடியாது. நீதவானுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். யாருக்கு வைத்திருக்கும் உரிமை உண்டு என்று பார்த்துக் கட்டளையிடுவது நீதவான்தான். பலர் "பொலிஸ் என் வண்டியைத் தர மாட்டேங்கிறான்" என்று சத்தம் போடுவது இது தெரியாததால். சொந்தக்காரர் யாரென்று தெரியாவிட்டால் நீதிமன்றம் பகிரங்க அறிவித்தல் போடும். ஆறு மாதத்துக்குள் யாரும் வந்து உரிமையை நிரூபிக்காவிட்டால் பொருள் விற்கப்படும். ஆகவே உங்கள் வண்டி கிடைத்ததாகக் கேள்விப்பட்டால், எங்கோ தூரத்துப் பொலிஸ் என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

நம் தம்பிக்கு ஏழு மாதம் போனது. பழைய சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்கவே இரண்டு மாதம். போன் நம்பர் மாறிவிட்டது. வீடும் மாறிவிட்டது. கிராம உத்தியோகத்தர் ஒருவரின் உதவியால் ஆளைக் கண்டுபிடித்தோம். நல்ல மனிதர். தான் யாருக்கு விற்றேன் என்று சத்தியக் கடதாசி முடித்துத் தந்து, தவணைக்கும் வந்தார். இடையில் வாங்கி விற்றவரும் வந்தார். ஒவ்வொரு தவணைக்கும் அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரு நாள் பேர் போனது. சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவர் பேசியபடியால் சட்டத்தரணிக் காசு மிஞ்சியது. குறைந்த வருமானக்காரருக்கு அவர்கள் இலவசமாக உதவுவார்கள். நீதிமன்றம் உள்ள பல டவுன்களில் அவர்களுக்குக் கிளை உண்டு. நம் ஆட்கள் பலர் அந்த வாசலை மிதித்ததே இல்லை.

கடைசியில் எது உதவியது தெரியுமா? மூன்றாம் நாள் போட்ட அந்த என்றிதான். மற்றவர் வண்டியை வாங்கியது ஐந்தாம் நாள். களவு போனதாக எழுதிய திகதி முந்தியது, விற்ற திகதி பிந்தியது. இன்னும் மூன்று நாள் பயந்துகொண்டு வீட்டில் இருந்திருந்தால், "இவரே வித்துப்போட்டு இப்ப வந்து களவுங்கிறார்" என்று எதிர்ப்பக்கம் சொன்னதற்கு எங்களிடம் பதில் இருந்திராது. தேவைப்படும்போது நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்ற பிணைமுறியோடு வண்டியைக் கொடுத்தார்கள். ஏழு மாதம் மழையில் நின்ற வண்டி. பெற்றரி இல்லை, செயின் துருப்பிடித்துப் பாம்பு மாதிரிச் சுருண்டிருந்தது. தள்ளிக்கொண்டுதான் வந்தோம்.

வாங்கிய அந்த மற்றத் தம்பிக்குக் காசும் போனது, வண்டியும் போனது. களவு கொடுத்தவரின் உரிமை களவினால் அழிவதில்லை. விற்றவனைத் தேடிப் பிடித்துத்தான் காசைக் கேட்க வேண்டும். அவனுடைய போன் அன்றைக்கே நிறுத்தப்பட்டிருந்தது. களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்க நியாயம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் அதுவே தனிக் குற்றம். சந்தை விலையில் பாதிக்கு ஒரு வண்டி வருகிறது, விற்பவன் ரோட்டில் நின்றே காசு கேட்கிறான் என்றால், யோசிக்க வேண்டியது அங்கேதான். விற்பவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். வண்டிப் புத்தகத்தில் உள்ள செசி நம்பரை வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். புத்தகத்தில் உள்ள பெயர்க்காரரோடு நேரில் பேசாமல் காசு கொடுக்காதீர்கள்.

லீசிங்கில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி களவு போனாலும் தவணை நிற்காது. "வண்டியே இல்ல, எதுக்குக் கட்டணும்" என்று மூன்று மாதம் கட்டாமல் விட்டு, வட்டியும் சேர்ந்து, பிணை நின்ற மாமாவின் வீட்டுக்கு ஆள் வந்த கதையும் எங்கள் தோட்டத்தில் உண்டு. களவு தெரிந்தவுடன் கம்பனிக்கும் காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டியால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்குத்தான். களவுக்கு அதில் ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி இருந்தால் கிடைக்கும், ஆனால் அந்தப் பணம் முதலில் லீசிங் கடனுக்குத்தான் போகும்.

பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் படம் போடுவது நல்லதுதான். ஆனால் எல்லா அடையாளத்தையும் எழுதிவிடாதீர்கள். ஒரு தம்பிக்கு, "வண்டி எங்கிட்ட இருக்கு, பத்தாயிரம் போட்டு விடு, இடத்தைச் சொல்றேன்" என்று போன் வந்தது. போட்டார். பிறகு அந்தப் போன் வேலை செய்யவில்லை. ஒரு அடையாளத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டால், "பின் கார்ட்ல என்னா எழுதியிருக்கு சொல்லுங்க அண்ணே" என்று கேட்டே ஆளைப் பிடித்துவிடலாம். அப்படிச் சரியாகச் சொன்னாலும் தனியாகப் போக வேண்டாம், பொலிஸுக்குச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டவனை லயத்துக் கம்பத்தில் கட்டி அடிக்கும் வேலையும் வேண்டாம். அடித்தவர்கள்தான் உள்ளே போவார்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் கொஞ்சம். நம் மலைநாட்டில் கள்ளனுக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டிய அவசியமே இல்லை. நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் உருட்டிவிட்டால் சத்தமில்லாமல் கீழ் ரோட்டுக்குப் போய்விடும். பழைய வண்டிகளில் சாவித் துவாரம் தேய்ந்து, எந்தச் சாவி போட்டாலும் ஹேண்டல் லொக் திறக்கிறது. உங்கள் வண்டிக்கு வேறொருவர் சாவியைப் போட்டுப் பாருங்கள். திறந்தால் லொக்கை மாற்றிவிடுங்கள். இஸ்தோப்பில் நிறுத்துகிறவர்கள் பின் சக்கரத்துக்குள்ளால் சங்கிலியை விட்டுத் தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். சக்கரத்தை மட்டும் பூட்டினால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். திருவிழாவில் நான்கு கூட்டாளிமார் போனால் நான்கு வண்டியையும் ஒரே சங்கிலியில் கோர்க்கலாம். பெற்றோல் டெப் உள்ள வண்டியென்றால் அடைத்துவிட்டுப் போங்கள். ஓட்டினாலும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். அசல் புத்தகம் வீட்டில் இருக்கட்டும்.

அந்தத் தம்பி இப்போது வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். பழைய சொந்தக்காரரே கூட வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா அவருக்கு ஒரு கிலோ தேயிலைத் தூள் கட்டிக் கொடுத்தனுப்பினார். அடகு வைத்த தோடுதான் இன்னும் மீளவில்லை.

ஓபன் பேப்பரில் வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், படிவம் நிரப்புவதற்கு மாலை நேரத்தில் காரியாலயத்துக்கு வாருங்கள். வண்டிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள். வண்டியையும் கொண்டு வந்தால் செசி நம்பரைத் தேய்த்து எடுத்துத் தருகிறேன். பென்சில் என்னிடம் இருக்கிறது.